கடவுள் அழைத்த வேலையா, ஊர் ஒதுக்கிய வேலையா?

ஒவ்வொரு மே 1 அன்றும் கத்தோலிக்கத் திருச்சபை, தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவைக் கொண்டாடுகிறது. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்திய விழா அது. செங்கொடி பிடித்த தொழிலாளர் நாளில் ஒரு தச்சரைப் புனிதராக முன்னிறுத்தியது ரோம். சீர்திருத்தச் சபைகளில் இந்த விழா கிடையாது. ஆனால் இதன் அடிப்படைக் கருத்து எல்லாச் சபைகளிலும் பிரசங்கமாக ஒலிக்கிறது: நீ செய்யும் வேலை எதுவானாலும் அது கடவுள் உனக்குக் கொடுத்த அழைப்பு, அதை முணுமுணுக்காமல் செய்தால் அதுவே ஆராதனை.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வங்கி மேலாளருக்கும் மென்பொருள் பொறியாளருக்கும் இது ஆறுதல் தரலாம். கையுறைகூட இல்லாமல் சாக்கடை அடைப்பை எடுக்கிறவரிடம் இதையே சொன்னால் அதற்கு என்ன பொருள்?

இந்தக் கருத்து பிறந்த இடத்தில் அதற்கு ஒரு கலகக் குணம் இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் 'அழைப்பு' என்பது துறவிக்கும் குருவுக்கும் மட்டுமே உரியது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் இன்றும் 'இறையழைத்தல்' என்றால் பெரும்பாலும் குருமடத்தையும் கன்னியர் மடத்தையும்தான் நினைக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் அந்த வேலியை உடைத்தார். செருப்புத் தைப்பவரின் வேலையும் குழந்தைக்குத் துணி மாற்றும் பெற்றோரின் வேலையும் துறவியின் செபத்துக்குக் குறைந்ததல்ல என்றார். தொழிலைக் குறிக்க அவர் பயன்படுத்திய 'பெரூஃப்' என்ற ஜெர்மன் சொல்லுக்குள்ளேயே அழைப்பு என்ற பொருள் இருக்கிறது. பிற்காலத்தில் மாக்ஸ் வேபர் தம் புகழ்பெற்ற ஆய்வை இந்தச் சொல்லிலிருந்துதான் வளர்த்தெடுத்தார்.

ஆனால் அதே லூதர், 1525இல் பண்ணையடிமை முறையை ஒழிக்கக் கேட்டு ஜெர்மன் உழவர்கள் எழுந்தபோது பிரபுக்களின் பக்கம் நின்றார். உன் வேலை புனிதமானது என்று சொன்ன வாய்தான், உன் இடத்தை விட்டு எழாதே என்றும் சொன்னது. இந்த இரண்டாவது குரல் இந்தியாவுக்கு வந்தபோது அதற்குத் தயாராக ஒரு மேடை இருந்தது. அதன் பெயர் சாதி.

சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துவைப்பது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதினார். யாருக்கு என்ன வேலை என்பதை அவரவர் திறமையோ விருப்பமோ அங்கே முடிவுசெய்வதில்லை, பிறப்பு முடிவுசெய்கிறது. அதே ஆண்டில் காந்தி, தோட்டி வேலை செய்பவர் எப்படி இருக்க வேண்டும் என்ற இலட்சியச் சித்திரத்தை 'ஹரிஜன்' இதழில் எழுதினார். மலம் அள்ளுவதை உயர்ந்த தொண்டாகப் போற்றினார். நரேந்திர மோடியின் உரைகளைத் தொகுத்து 2007இல் அச்சான 'கர்மயோக்' நூலும் வால்மீகி மக்களின் துப்புரவு வேலையை ஆன்மிக அனுபவம் என்று வருணித்துக் கண்டனத்துக்கு உள்ளானது. கர்மயோகம் என்றாலும் தேவ அழைப்பு என்றாலும், சாக்கடையில் நிற்பவருக்கு வந்து சேரும் செய்தி ஒன்றுதான்: அங்கேயே நில்.

இங்கே நம் மொழியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சீர்திருத்தச் சபையார் இறைப்பணியை 'ஊழியம்' என்கிறார்கள். 'முழுநேர ஊழியம்' என்பது சபைகளில் மிகுந்த மரியாதைக்குரிய சொல். இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் அதே 'ஊழியம்' என்ற சொல், ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலையைக் குறித்தது. கூப்பிட்டால் போக வேண்டும், மறுக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த வேதமாணிக்கமும் அவரது அழைப்பை ஏற்றுவந்த ரிங்கல்தௌபேயும் சீர்திருத்தச் சபையைத் தொடங்கினார்கள். அப்படிக் கிறித்தவத்தைத் தழுவியவர்களுக்குக் கிடைத்த முதல் உலகியல் உரிமைகளுள் ஒன்று என்ன? 1810களில் கர்னல் மன்றோ காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழிய வேலைக்குப் போகாமல் இருக்கும் உரிமை.

இதை நின்று யோசிக்க வேண்டும். ஐரோப்பிய வணிகருக்கு நற்செய்தி 'உன் வேலை புனிதமானது' என்று வந்தது. திருவிதாங்கூரில் ஊழியத்துக்கு இழுக்கப்பட்டவருக்கோ அது 'இன்று நீ வேலைக்குப் போக வேண்டாம்' என்று வந்தது. ஆறு நாள் பிறருக்குச் சொந்தமாக இருந்த உடல் ஏழாம் நாள் தனக்குச் சொந்தமாயிற்று.

விவிலியமே இந்த இரண்டாவது வாசிப்புக்குத்தான் அதிகம் இடம்தருகிறது. எபிரேய மொழியில் 'அவோதா' என்ற சொல் அடிமை வேலையையும் குறிக்கும், வழிபாட்டையும் குறிக்கும். நம் 'ஊழியம்' போலவே. யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தில், வழிபாட்டுக்காக எங்களைப் போகவிடு என்று இஸ்ரவேலர் கேட்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசும் பார்வோன், வைக்கோல் தராமலேயே அதே கணக்குக்குச் செங்கல் அறுக்கச் சொல்கிறான். கூலி உயர்வு கேட்டாலே சோம்பேறி என்ற வசை வருவது நமக்குப் புதிதல்லவே! எகிப்தின் செங்கல் சூளையில் உழைப்பதே உங்களுக்கான வழிபாடு என்று மோசே தம் மக்களிடம் சொல்லவில்லை. சூளையை விட்டு வெளியே நடத்திச் சென்றார்.

வேலையைப் பற்றிய பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் கொலோசெயர் 3:23. எதைச் செய்தாலும் கடவுளுக்குச் செய்வதுபோல் செய்யச் சொல்வது. அதற்கு முந்தைய வசனம் யாரை விளித்துத் தொடங்குகிறது என்று பாருங்கள்: அடிமைகளை. அடிமைகளிடம் பேசிய பேச்சை அலுவலக ஊக்க உரையாக மாற்றியிருக்கிறோம். சில வரிகள் தள்ளி 4:1இல் எசமானர்களுக்கு ஒரு கட்டளை வருகிறது; நீதியானதையும் நியாயமானதையும் கொடுங்கள் என்பது அதன் சாரம். அந்த வரிக்கு எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்? அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 7:20ஐக் காட்டுகிறவர்கள், விடுதலை கிடைக்குமானால் அதைப் பயன்படுத்திக்கொள் என்ற பொருளில் பலர் வாசிக்கும் அடுத்த வரியையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

பெரிய வியாழனன்று நடக்கும் பாதம் கழுவும் சடங்கையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். பாதம் கழுவுவது அன்று அடிமையின் வேலை. அந்த வேலையை ஓர் அடிமையிடம் விட்டுவிட்டு அவரது தொண்டை இயேசு பாராட்டவில்லை. தாமே துண்டைக் கட்டிக்கொண்டு கழுவினார். நீங்களும் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்யுங்கள் என்றார். இழிவென்று ஒதுக்கப்பட்ட வேலையை எல்லோருக்கும் பங்கிடுவது அது. 2019 கும்பமேளாவில் பிரதமர் துப்புரவுத் தொழிலாளர்களின் பாதங்களைக் கழுவினார். கழுவி முடித்ததும் அவர்கள் கைக்குத் துடைப்பம்தான் திரும்பியது. சடங்கு முடிந்தபின் வேலையை யார் செய்கிறார்கள் என்பதே கேள்வி.

கோலார் தங்கவயலில் தோட்டி வேலை செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன், அந்த வேலையைப் புனிதப்படுத்த முயலவில்லை. உலர் கழிப்பறைகளை இடிக்கச் சொன்னார். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில்தான் 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2023இல் வேறொரு வழக்கில் அந்தத் தொகை 30 இலட்சமானது. சட்டமும் தீர்ப்பும் இருந்தும் சாவு நிற்கவில்லை.

'துப்புரவு' 'தூய்மை' ஆகிவிட்டது. ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்று 13 நாள் உட்கார்ந்திருந்தபோது, நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. பெயரில் கிடைத்த மரியாதை பணி நிரந்தரமாக மாறவில்லை.

சபைகளிடம் கேட்க வேண்டியவை இவை. உங்கள் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கழிவறை கழுவுகிறவர் யார்? எந்தச் சாதி? நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தத் தொழிலாளியா? வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறீர்களா? அவருடைய பிள்ளைக்கு உங்கள் கல்லூரியில் இடம் உண்டா? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறித்தவர் பட்டியல் சாதி உரிமையை இழந்து நிற்கிறார். மதம் மாறியவரை விட்டு வேலை மாறவில்லை, உரிமை மட்டும் போய்விட்டது. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை சாதியைப் பாவம் என்று ஒப்புக்கொண்டது. பாவத்தை ஒப்புக்கொண்டவர் பரிகாரமும் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய மறைக்கல்வியே.

அழைப்பு என்றால் அதை மறுக்கவும் உரிமை இருக்க வேண்டும். யோனாவால்கூட ஒருமுறை மறுத்துக் கப்பலேற முடிந்தது. மறுக்க முடியாதது ஆணை. பரம்பரையாக மறுக்க முடியாதது சாதி. நியாயமான கூலியும், வேண்டாம் என்று விலகும் வழியும், வேறு வேலைக்குப் போகும் படிப்பும் உள்ள ஒருவர் தன் வேலையை இறைப்பணி என்று சொல்லிக்கொண்டால் அது அவருடைய நம்பிக்கை, மதிப்போம். அவை எதுவும் இல்லாதவரிடம் போய் அதைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மே 1 பிரசங்கத்தை அடுத்த முறையாவது எசமானர்களுக்கான அந்த வரியிலிருந்து தொடங்கட்டும்.