ஒருவர் பட்டினியும் ஊரார் பொறுப்பும்

1984 நவம்பர் 4. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள். தலைநகர் வாஷிங்டனில் 51 நாளாக உணவைத் தொடாமல் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார் மிட்ச் ஸ்னைடர். அவருடைய கோரிக்கை ஒன்றுதான். நாடாளுமன்றத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பாழடைந்து நின்ற அரசுக் கட்டடம் ஒன்றை, வீடில்லாதவர்கள் மனிதராகப் படுத்தெழும் இடமாக அரசே சீரமைத்துத் தர வேண்டும். ரொனால்ட் ரீகன் அரசு அன்று இறங்கிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு அந்தக் காப்பகம் பின்னர் எழுந்தது.

ஸ்னைடர் புனிதர் இல்லை. 1943இல் புரூக்ளினில் பிறந்தவர். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்து போனவர். கார் திருட்டு வழக்கில் சிறை சென்றார். அங்கே, வியட்நாம் போரை எதிர்த்துக் கம்பி எண்ணிக்கொண்டிருந்த பெரிகன் சகோதரர்கள் என்ற இரு பாதிரியார்களைச் சந்தித்தார். அவர் வாழ்க்கை திசை மாறியது அங்கேதான். 1973இல் வாஷிங்டன் வந்து, அகிம்சை வழியில் இயங்கிய ஒரு சிறு குழுவில் சேர்ந்தார். ஏழைகளுக்குச் சூப் காய்ச்சி ஊற்றிய குழு அது. அந்நகரில் கட்டடங்களைச் சூடாக்கும் நீராவிக் குழாய்கள் தரைக்கடியில் ஓடுகின்றன. அவற்றின் வெப்பம் வெளியேறும் இரும்புக் கிராதிகள்மேல் குளிர்காலத்தில் மனிதர்கள் சுருண்டு கிடப்பார்கள். ஸ்னைடரும் தோழர்களும் அங்கேயே போய்ப் படுத்தார்கள். வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் கூடாரம் போட்டார்கள். பூங்காவில் தூங்குவதை அரசு தடுக்கலாம் என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் அவர்கள் ஓயவில்லை.

அமெரிக்காவில் 20, 30 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்று ஸ்னைடர் சொல்லிவந்தார். அரசின் வீட்டுவசதித் துறையோ 1984இல் இரண்டரை லட்சம் முதல் மூன்றரை லட்சம் வரை என்றது. தம் கணக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். மிகைக் கணக்கு நம்பிக்கையைக் கெடுக்கும். குறைத்த கணக்கு கடமையைத் தட்டிக்கழிக்க உதவும். தெருவில் தூங்குபவர்களை நேர்மையாக எண்ணுவது, எந்தக் கொள்கைக்காரரும் மறுக்க முடியாத முதல் பொதுவேலை.

அந்த நாட்டில் சில காலம் கட்சிக் கோடுகள் அழியவும் செய்தன. அதுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. ஸ்னைடர் தீவிர இடதுசாரி. 1987 மார்ச்சில் உறையும் குளிரில் அவர் நடத்திய தெருத்துயில் போராட்டத்துக்கு நடிகர் மார்ட்டின் ஷீன் வந்தார். இரு கட்சிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வந்து நடைபாதையில் படுத்தார்கள். அவர்களில் ஒருவர் ரீகனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கின்னி. அவர் அந்த மே மாதம் காலமானார். வீடற்றோருக்கான முதல் பெரிய கூட்டாட்சி உதவிச் சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதில் ஜூலை 22 அன்று கையெழுத்திட்டவர் ரீகன்.

வாஷிங்டன் வாக்காளர்கள் அதற்கும் முன்பே ஒரு படி மேலே போயிருந்தார்கள். கேட்டவருக்கெல்லாம் இரவு தங்க இடம் தருவது நகரத்தின் கடமை என்ற முன்மொழிவை 1984 நவம்பரில் நூற்றுக்கு 72 பேர் ஆதரித்தார்கள். ஆனால் அந்த உரிமை ஆறே ஆண்டு தாங்கியது. செலவு ஏறியது, பரிவு தேய்ந்தது. 1990இல் நகர மன்றம் அதைச் சுருக்கியது. நவம்பர் வாக்கெடுப்பில் மக்களும் மிகக் குறைந்த வித்தியாசத்தில் அதற்கு ஒப்பினார்கள். அதைப் பார்க்க ஸ்னைடர் இல்லை. ஜூலை மாதமே, தாம் போராடிப் பெற்ற காப்பகத்தில் இருந்த தம் அறையில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டிருந்தார். அந்த முடிவுக்கு ஒற்றைக் காரணம் தேடுவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

ஆனால் அந்த வாக்கெடுப்புக்குக் காரணம் தேடலாம், தேடவும் வேண்டும். வாக்களித்ததோடு தங்கள் பங்கு தீர்ந்தது என்று நகரத்தார் நினைத்தார்கள். மீதி வேலைக்கு ஸ்னைடர் இருந்தார். பட்டினி கிடக்க ஒருவர், கைதட்ட ஊர் என்ற இந்த ஏற்பாட்டில் கட்டடம் கிடைக்கும். அது நிலைக்காது.

நம் கதையும் வேறு மாதிரி இல்லை. 2009 டிசம்பரில் தில்லி பூசா சாலையில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்டது. குளிரில் உயிர்கள் போன பிறகே விஷயம் உச்ச நீதிமன்றம் ஏறியது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம். அமெரிக்காவில் ஒருவர் சாகும் நிலைக்கு வர வேண்டியிருந்தது. இங்கே சிலர் செத்தே போனார்கள். இரண்டு நாட்டிலும் அரசு அசைந்தது அதற்குப் பிறகுதான்.

இனி யாரும் சாகக் காத்திராமல் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே ஸ்னைடர் போன்றவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை. மாநகராட்சிகள் இரவில் போய் எண்ண வேண்டும். காப்பகங்களைப் பிழைப்பு நடக்கும் இடத்துக்கு அருகிலேயே அமைக்க வேண்டும். மூட்டை தூக்குபவர் சந்தையை விட்டு வெகுதூரம் போய்ப் படுக்க மாட்டார். முகவரி இல்லை என்று சொல்லி ரேஷன் கார்டையும் ஆதாரையும் மறுப்பதை அதிகாரிகள் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனையிலிருந்து ஒருவரை அனுப்பும்போது, அவர் எங்கே போவார் என்று கேட்பதும் மருத்துவத்தின் பகுதிதான். காப்பகம் நல்லதுதான், எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம் என்று மனுக் கொடுக்கும் நாமும் இந்தப் பட்டியலில் இருக்கிறோம்.

காப்பகம் ஒரு இரவுக்குத்தான் விடை. கூலிக்காரர் கொடுக்கக்கூடிய வாடகையில் ஓர் அறை கிடைப்பதே முடிவான விடை. அதற்கு நிலமும் வரிப்பணமும் வேண்டும். ஆட்சி மாறினாலும் மாறாத ஒப்புதலும் வேண்டும். அடுத்த வார்டு கூட்டத்தில் பேச இது போதும்.