கடைமடை வரை நடந்து பார்ப்போம்!

முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் கம்பம் பள்ளத்தாக்கில், வாய்க்காலை வெட்டிவிட்டு வரப்பில் அமர்ந்து மகிழ்பவனை உழவன் என்று எவரும் சொல்லார். தலைமடையைத் திறந்தபின், மண்வெட்டியைத் தோளில் இட்டுக் கடைமடை வரை நடந்து, நீர் வந்து சேர்ந்ததா, இடையில் உடைத்துக்கொண்டு ஓடிற்றா எனக் கண்ணால் கண்டு வருபவனே உழவன். 1895-இல் அணை எழுந்து, மேற்கே ஓடிய ஆற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட நாள்முதல் இம்மண்ணின் மக்கள் பெற்றிருக்கும் படிப்பினை இது. கணினித் தமிழில் நாம் இப்படிப்பினையை இன்னும் பெறவில்லை என்பதே இத்திங்கள் யாம் எழுத வந்த செய்தி.

நாம் செய்தவை சிறியன அல்ல. கணினி, மென்பொருள், விசைப்பலகை, இணையம் என்று சொற்கள் படைத்தோம். 1999-இல் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இவையெல்லாம் தலைமடை. கடைமடைக்கு நீர் வந்ததா?

அண்மையில், எம்மிடம் தமிழ் பயின்று இன்று கணினித் துறையில் பணியாற்றும் மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். உரைகளை எழுதித் திருத்தும் ஈமாக்சு என்னும் மென்பொருளை எம் கணினியில் அமைத்துத் தந்தார். இசுட்டால்மன் என்பாரின் முயற்சியால் 1985 முதல் குனு ஈமாக்சு என வழங்கிவரும் இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம். இதனுள்ளிருந்தே கணினிக்குக் கட்டளையிட உதவும் நீட்சிகளும் உண்டு. நாம் தட்டச்சிடும் கட்டளையை வாங்கிக் கணினியை இயக்கும் நிரலைக் கட்டளைக்கூடு என்போம். ஈ-செல் என்னும் கூடு 2001 முதல் ஈமாக்சுடனேயே வருகிறது. வி-டெர்ம் என்னும் மற்றொன்றைத் தனியே நிறுவவேண்டும். அதன் ஒரு பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருப்பதால், நம் கணினியிலேயே அதனைத் தொகுக்கச் சிமேக் முதலிய கருவிகள் வேண்டும். அவை இல்லாமையால் முதன்முறை நிறுவல் பாதியில் நின்றது. அவற்றைச் சேர்த்தபின் அமைந்தது.

பிறகு ஆய்வைத் தொடங்கினோம். கோப்புகளின் பெயர்களைக் காட்டும் 'எல்.எசு.' என்னும் கட்டளைக்குப் 'பட்டியல்' என்று மாற்றுப்பெயர் இட்டோம். 'பட்டியல்' என்று தட்டியதும் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. தமிழில் பெயரிட்ட கோப்புகளும் பிழையின்றித் தோன்றின. வென்றுவிட்டோம் என்று யாம் எழுந்தோம். "அமருங்கள் ஐயா! பெயரைத்தானே மாற்றினோம்? இனி எழுத்தை எண்ணச் சொல்வோம்" என்றார் மாணவர்.

'தமிழ்' என்ற சொல்லைத் தந்து எண்ணச் சொன்னோம். த, மி, ழ் என மூன்றெழுத்து என்பதைத் தொடக்கப்பள்ளிக் குழந்தையும் அறியும். கட்டளைக்கூடோ எழுத்து 5 என்றது. பைட்டு என்னும் நினைவக அளவில் 15 என்றது.

அடுத்து, வீரபாண்டித் திருவிழாக் காலத்தில் சிறுவர் சொல்லி விளையாடும் 'தேருவருதே' என்பதைத் திருப்பிப் போடச் சொன்னோம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாய் நிற்கும் சொல் அது. மாலைமாற்று என்று அதற்கு நம் இலக்கணம் பெயரே வைத்துள்ளது. திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அவ்வாறு பாடியுள்ளார். 'ரெவ்' என்னும் திருப்புக் கட்டளையோ, முன்னே ஓர் ஏகாரக் கொம்பைத் தனியே தொங்கவிட்டு, அதன்பின் 'துரவுரேத' என்று உளறியது! கொம்பும் கீழ்விலங்கும் தத்தம் எழுத்தை விட்டு அண்டை எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டன. வி-டெர்முக்குள் இயங்கிய 'பாசு' கூட்டில் 'ஊர்' என்று ஒரு மாறிக்குப் பெயரிட முயன்றபோது, அப்படியொரு கட்டளை இல்லை என்று அது கைவிரித்தது.

இதன் கரணியம் என்ன? க் என்னும் மெய்யோடு அ என்னும் உயிர் சேர்ந்து க ஆகிறது என்பது தமிழிலக்கணம். கணினிக் குறியீட்டில் இது தலைகீழ். அங்கே க என்பதே அடி. அதன்மேல் புள்ளி என்னும் தனிக்குறி ஏறினால் க். 1988-இன் இசுக்கி என்னும் இந்தியக் குறியீட்டு அமைப்பைத் தழுவி 1991-இல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் வகுத்தபோது இம்முறை நிலைபெற்றது. ஒருமுறை தந்த குறியை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதிமொழி. ஆகவே அதனை மாற்றுமாறு இன்று முழங்குவது வீண். ஆயினும் வழி அடைபடவில்லை. அடுத்தடுத்து நிற்கும் குறிகளைக் கூட்டி ஓரெழுத்தாகக் கொள்ளும் நெறியையும் ஒருங்குறியே வகுத்துள்ளது. பழைய கருவிகள் பல அதனைக் கைக்கொள்ளவில்லை; அவ்வளவே.

எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலையும் பிறரும் 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரல்தொகுப்பை ஆக்கி எல்லார்க்கும் அளித்துள்ளனர். அது தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே பிரிக்கும். அதனை நிறுவி, பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதி, அதற்குத் 'திருப்பு' என்று பெயரிட்டு மீண்டும் தேரை ஓட்டினோம். 'தேருவருதே' அப்படியே திரும்பி வந்தது! 'தமிழ்' மூன்றெழுத்தாயிற்று.

தமிழன்பர்களே! குறை குறியீட்டில் மட்டுமா இருந்தது? நம்மிடமும் இருந்தது. அயற்சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை வைத்துவிட்டால் பணி முடிந்தது என்று இருந்துவிட்டோம். அப்பணி வேண்டியதே, ஆனால் 'பட்டியல்' என்று பெயர் சூட்டப்பட்ட கட்டளையும் தமிழை எண்ணத் தெரியாமல் இருக்கக்கூடும். பெயர்ப்பலகையை மாற்றியவன் வீட்டைக் கட்டியவன் ஆகான்.

இது புலவர்க்கு மட்டும் உரிய கவலை என்று எண்ணவேண்டா. தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளில் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் கற்பிக்கப்படுகிறது. உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ தமிழ்வழியில் பயிலும் ஒரு மாணவன் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் அம்மொழி 5 என்னும். அடுத்த வகுப்பில் தமிழாசிரியர் 3 என்பார். அவன் யாரை நம்புவான்? பொறி பொய் சொல்லாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, இலக்கணத்தையே பழங்கதை என்று ஒதுக்குவான். அந்த ஒரு நாழிகையில் நாம் இழப்பது ஒரு தலைமுறையின் பற்றை. பொறி குறிகளை எண்ணுகிறது, நாம் எழுத்தை எண்ணுகிறோம் என்று அப்போதே விளக்கத் தமிழாசிரியர்க்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆகவே ஒன்று செய்வோம். தமிழுக்கு உதவும் என்று எக்கருவி வந்தாலும், திரையில் எழுத்து அழகாய்த் தோன்றியதும் மகிழ்ந்துவிடாமல் மூன்று வேலை கொடுப்போம். எண்ணச் சொல்வோம், திருப்பச் சொல்வோம், அகரவரிசையில் அடுக்கச் சொல்வோம். வெறுங்குறி வரிசையில் அடுக்கும் கருவி னகரத்தை நகரத்தை அடுத்தும், றகரத்தை ரகரத்தை அடுத்தும் வைத்துவிடும்; நம் நெடுங்கணக்கிலோ றவும் னவும் கடைசியில் நிற்பவை. எங்கே பிழைத்தது என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி, அக்கருவியைப் பேணுவோர்க்கு விடுப்போம். மூலநிரல் திறந்திருக்குமாயின், கற்ற நம் இளைஞரைக்கொண்டு நாமே திருத்தி அளிப்போம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மாநாடு வேண்டா. ஒரு கணினி, ஒரு மாணவன், இலக்கணம் அறிந்த ஓர் ஆசிரியர், ஒரு மாலைப்பொழுது போதும். இலக்கணம் கற்றவன் கணினியை அஞ்சி விலகுவதும், கணினி கற்றவன் இலக்கணத்தை எள்ளி விலகுவதும் இனி ஒழியட்டும்.

தலைமடை திறந்தாயிற்று. மண்வெட்டியைத் தோளில் இடுங்கள். கடைமடை வரை நடப்போம்!