நோயைக் காக்கும் தோழமை

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்துத் தறிக்கூடங்களின் தோழமை பெரிதும் போற்றப்படுவது. குடித்துவிட்டு வேலைக்கு வராதவனின் தறிகளைப் பக்கத்துத் தறிக்காரன் சேர்த்து ஓட்டுகிறான். முதலாளி விசாரித்தால் "காய்ச்சலுங்க" என்கிறான். வாரக்கூலியைக் கரைத்துவிட்டு வந்தவனுக்குக் கைமாற்றும் தருகிறான். இதைப் போற்றுவோரோடு நாம் முரண்படுகிறோம். இத்தோழமை நோயாளியைக் காப்பதில்லை; நோயைக் காக்கிறது.

இது ஒழுக்கக்கேடு அல்ல, நோய்தான். மது, போதைப்பொருளால் விளையும் மனநிலைப் பாதிப்புகளை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. பணியிடத்தில் இதைப் பிற நோய்களைப் போலவே பாகுபாடின்றி அணுக வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே நெறிமுறை வகுத்தது. ஆனால் சில தறிகள் மட்டுமே ஓடும் கூடத்தில் நல அலுவலர் ஏது, ஆலோசகர் ஏது? உடன் உழைப்பவன்தான் இருக்கிறான். எனவே பொறுப்பும் அவனிடமே வந்து சேர்கிறது.

"காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. முதலாளியிடம் மறைப்பது வேறு. அவனிடமே மறைப்பது வேறு. போதை தெளிந்த வேளையில் தனியே அழைத்து, காலையில் நடுங்கும் கையையும் தவறவிட்ட நாட்களையும் ஏசாமல் எடுத்துச் சொல்வதே நட்பு. 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், குடியால் சீரழிந்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் மனம்விட்டுப் பேசியதிலிருந்தே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்தது.

பேச்சோடு நிற்கவும் கூடாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்ல வேண்டும். முடியாத நாளில், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கும்போது அருகில் இருக்க வேண்டும். நெடுநாள் குடித்தவனை மருத்துவர் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது ஆபத்து. வலிப்பும் சித்தப்பிரமையும் உயிரைக் குடிக்கக்கூடும். அவனுக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பதோ அதனினும் கொடிது. டைசல்ஃபிராம் உள்ளே இருப்பதறியாமல் அவன் குடித்தால், சாவுக்கு வழிசெய்தவர்கள் கலந்தவர்களே.

இலக்கிய வாசகர்கள் இதைத் தறிக்காரர் பிரச்சினை என்று ஒதுக்கிவிட வேண்டாம். குடியைப் படைப்பூக்கத்தின் ஊற்றாக்கிக் கதை பேசுவதும், கூட்டம் முடிந்ததும் அடுத்த குவளையை நீட்டுவதும், இறந்தபின் சிறப்பிதழ் போடுவதும் சிற்றிதழ்ச் சூழலின் வழக்கம். அதுவும் "காய்ச்சலுங்க" என்னும் அதே பொய்தான்; நடை மட்டும் உயர்வானது.

கூலி உயர்வுக்காக 2022இலும் 2025இலும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திய பகுதி இது. ஒருவன் சிகிச்சை முடிந்து திரும்பும்வரை, அவனது நான்கு தறிகளை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டு ஓட்டுவதும், அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுக்காதிருக்கச் செய்வதும் இயலாத காரியமா? குடிப்பதற்காக ஓட்டிக்கொடுத்த தறியை, குணமாவதற்காக ஓட்டிக்கொடுக்கட்டும். அதையே தோழமை என்போம்.