பிள்ளை கேட்ட கேள்வியும் பாதிரியார் விட்டுச்சென்ற ஏடும்



முன்பொருமுறை தொடக்கநிலை ஐந்து மாணவர்களைக் கிராஞ்சிப் போர் நினைவிடத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு. அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்த மாணவி ஒருத்தி, “டீச்சர், இவர்களும் சாமி கும்பிட்டிருப்பார்கள்தானே? பிறகு ஏன் சாமி காப்பாற்றவில்லை?” என்று கேட்டாள்.

“பேருந்து வந்துவிட்டது, வரிசையில் நில்” என்றேன். அந்த விடையை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

அது புதிய கேள்வியன்று. பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பாதிரியாராகப் பணியாற்றியவர் ழான் மெலியே. அவர் 1729இல் மறைந்தபின், கடவுள் இல்லை என்று வாதிடும் பெரிய கையெழுத்து ஏடு வெளிப்பட்டது. குடியானவர்களின் துன்பத்திற்குச் சமயத்தின் பெயரால் நியாயம் கற்பிக்கப்படுவதை அவர் அதில் கண்டித்திருந்தார். உயிரோடிருந்தபோது அதனை அவரால் வெளிப்படையாகக் கூற இயலவில்லை. 1762இல் அதன் சுருக்கத்தை வெளியிட்ட வால்டேரும், அவரைக் கடவுள் நம்பிக்கையுடையவராகவே காட்டினார். 1770இல் ‘இயற்கையின் அமைப்பு’ என்னும் நாத்திக நூலை எழுதிய ஓல்பாக், தம் பெயரை மறைத்து, இறந்துபோன வேறொருவர் பெயரில் வெளியிட்டார். அத்துணை அச்சம் நிலவிய காலம் அது.

இச்சிந்தனை தமிழுக்கும் வந்தது. மெலியேயின் பெயரால் வழங்கிய நூலைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழில் வெளியிட்டனர். 1929இன் இறுதியில் மலாயாப் பயணம் மேற்கொண்ட பெரியார், அப்பயணத்தில் சிங்கப்பூருக்கும் வந்தார். அவர் கருத்துகளில் ஈடுபாடு கொண்ட கோ. சாரங்கபாணி, 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் ஒன்றுகூடுவதற்காக 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியவரும் அவரே. கேள்வி கேட்டவர்கள் சமூகத்தைப் பிரித்துவிடுவர் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நாள்தோறும் விளக்கேற்றி வழிபடுவது என் வழக்கம். சமயமெல்லாம் ஏமாற்று என்னும் மெலியேயின் முடிவை நான் ஏற்கவில்லை. என் பாட்டியின் பக்தியில் நான் வஞ்சகத்தைக் கண்டதில்லை. ஆயினும், 40 ஆண்டுகள் தம் ஐயத்தை மறைத்து வாழ்ந்த அம்மனிதரை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. நம் பிள்ளைகளும் அவ்வாறு மறைத்து வாழ நாம் காரணமாகலாமா?

என் வகுப்பில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து படிக்கின்றனர். அங்கு ஆசிரியர் சமயத்தையும் போதிக்கலாகாது, சமய மறுப்பையும் போதிக்கலாகாது. ஆனால், “இது நல்ல கேள்வி, பெரியவர்களும் இதற்கு வெவ்வேறு விடை கூறுகின்றனர், வீட்டிலும் கேட்டுப் பார்” என்று சொல்லலாம். பெற்றோர்களே, அவ்வாறு கேட்டு வரும் பிள்ளையிடம், “அப்படிப் பேசினால் சாமி கண்ணைக் குத்திவிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் நம்பிக்கையையும் அதற்கான காரணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள்.

மறுவாரம் அம்மாணவியை அழைத்து, அவள் கேட்டது நல்ல கேள்வி என்றேன். “உங்களுக்கு விடை தெரியுமா, டீச்சர்?” என்றாள்.

“தெரியாது, அம்மா. நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றேன்.