கையெழுத்துப் பிரதிக்கு மறுமொழி எழுதுவார் யார்?

வன்னியிற் புனைகதை எழுதுவோர்மீது இலக்கியக் கூட்டங்களிற் சுமத்தப்படும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அவர்கள் ஒன்றையேனும் உருப்படியாக முடிப்பதில்லை. பலவற்றைத் தொட்டுவைத்துவிட்டு அலைகிறார்கள் என்பதே அது. மேசையில் நாவலொன்று மூன்றாந் தடவை திருத்தப்பட்டுக் கிடக்கிறது. அதன்மேல் பாதியில் நின்ற குறுநாவல். அருகே இரண்டு சிறுகதைகளும் ஊர் வரலாற்றுக்கெனத் தொகுத்த குறிப்புக் கொப்பியும். இக்காட்சியைக் கண்டவுடன் முனைப்பில்லை, பொறுமையில்லை எனத் தீர்ப்பு வழங்குதல் எளிது. அம்மேசைக்கு வந்துசேர்ந்திருக்க வேண்டிய கடிதம் ஏன் வரவில்லை என வினவுதல்தான் அத்துணை எளிதன்று. ஏனெனில் அவ்வினா தீர்ப்பு வழங்குவோரையே சுட்டுவது.

ஏ9 வீதியிற் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே, வவுனியா வடக்கில் அமைந்தது கனகராயன்குளம். அதன் பெயரைத் தாங்கிய ஆறு வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் கலக்கிறது. இத்தகைய ஊரொன்றிலிருந்து எழுதுபவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ கமக்காரராகவோ இரண்டுமாகவோ இருப்பார். பெரும்போக விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட இரவுகளில் ஒரு நாவலை அவர் எழுதி முடித்து, யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சென்னைக்கோ அனுப்புகிறார் எனக் கொள்வோம். திங்கள் மூன்று கழிகின்றன; ஆறு கழிகின்றன. கிடைத்தது என்றொரு வரியுமில்லை. எழுதுபவர் கைகட்டி இருப்பாரா? அடுத்ததைத் தொடங்குகிறார். அதனையும் அனுப்பிவிட்டு மூன்றாவதிற் கைவைக்கிறார். இதற்கிடையில் முதலாவதின் குறைகளுட் சில தாமாகவே புலப்பட, அதனையும் மீண்டும் எடுக்கிறார். மேசை நிறைந்தமைக்குக் காரணம் அவருடைய சபலம் அன்று. முதற் பிரதிக்கு மறுமொழி கிடைத்திருந்தால் அது அச்சேறியிருக்கும். அன்றேல் நேர்மையாகக் கைவிடப்பட்டிருக்கும். இரண்டிலொன்றும் நிகழாமையால் எல்லாம் உயிரோடும் எல்லாம் குறையோடும் கிடக்கின்றன.

கிளிநொச்சியில் ஆண்டுதோறும் சிறுபோகக் கூட்டம் நடைபெறுவதை இங்கு நினைக்கலாம். குளத்தில் நீர் எவ்வளவு, எத்தனை ஏக்கருக்கு விடலாம், எந்நாளில் வாய்க்கால் திறக்கப்படும் என்பன கமக்காரர் முன்னிலையிலேயே பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. அங்கே சண்டை நிகழ்வதுண்டு. பங்கீடு நீதியற்றது என்ற முறைப்பாடும் எழுவதுண்டு. ஆயினும் உனக்கு நீர் உண்டோ இல்லையோ என்பதைச் சொல்லாமலே ஒரு கமக்காரனை விதைப்புக் காலம் முழுவதும் வரம்பில் நிறுத்திவைக்க எவரும் துணிவதில்லை. நெல்லுக்குள்ள இம்மரியாதை நாவலுக்கு இல்லை.

வன்னி மண்ணிலே நாவலாசிரியர் தோன்றுவது அரிது என்போர் 1970 களை மறந்துவிடுகின்றனர். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அக்காலத்தில் வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிடலாயிற்று. முல்லைத்தீவுப் பகுதியின் அ. பாலமனோகரன் தண்ணிமுறிப்பைக் களமாகக்கொண்டு எழுதிய 'நிலக்கிளி' 1973 இல் அவ்வழியே வந்தது. சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் 'சுமைகள்' 1977 இல் வந்தது. யாழ்ப்பாணத்தவராயினும் வன்னியில் அரச நிருவாகப் பணிபுரிந்த செங்கை ஆழியானின் 'காட்டாறு' வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. இந்நாவல்களின் தரத்தைப் பற்றி விமரிசகரிடையே பலவகை அபிப்பிராயம் இருக்கலாம். வணிக நிறுவனமொன்று தன் வாசகரையும் பக்க அளவையும் மனங்கொண்டே பிரதிகளைத் தேர்ந்திருக்கும் என்பதும் உண்மையே. எனினும் அங்கே ஒரு வாயில் இருந்தது. தட்டினால் உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. குரல் கேட்ட ஒரு சில ஆண்டுகளுக்குள் வன்னி மூன்று நாவல்களையேனும் பேசத்தக்கனவாகத் தந்தது. 1977 இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது; 1983 இன் வன்செயலும் தொடர்ந்தது; அவ்வாயில் ஒடுங்கிற்று. அதனோடு வன்னியின் எழுத்தாற்றலும் ஒடுங்கிற்று எனக் கருதுவோர் வாயிலையும் வீட்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குபவராவர்.

பத்திராதிபர்கள் எந்நாளும் பாராமுகமாக இருந்தனர் எனச் சொல்வதும் பொருந்தாது. க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்த குறுகிய காலத்தில் இளம் எழுத்தாளர் பலர் ஊக்கம் பெற்றனர். 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை', முதலில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் கொழும்பிலுமாக 2012 வரை நடந்தது. பொருள்வளமோ உதவியாளர் கூட்டமோ இன்றி, இதழைத் தாமே தெருத்தெருவாகச் சுமந்து விற்ற ஒருவரிடம் ஒவ்வொரு கதைக்கும் இரண்டு பக்க விளக்கம் கேட்பது கொடுமை. இவ்வளவும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் இதிலொரு நுட்பம் கவனிக்கப்படாது போகிறது. ஈழத்தில் ஆசிரிய ஆலோசனை என்பது பெரிதும் வாய்மொழியாகவே இருந்துவந்தது. அலுவலகத்துக்கு மாலையில் நடந்துபோய் வாங்கிலே அமரக்கூடியவருக்குத் தேநீரோடு விமரிசனமும் கிடைத்தது. அந்த வாங்கு யாழ்ப்பாண நகரிலோ கொழும்பிலோ கிடந்தது. அதில் அமர முடியாத தூரத்திலிருந்தவருக்கு, எழுதப்படாத அந்த விமரிசனம் எவ்வழியாகச் சென்றிருக்கும்? கனகராயன்குளத்தவருக்குக் கிடைத்தது மௌனமே. அதையே நகரத்தார் அவருடைய கலைக் குறைபாடு எனப் பின்னர் எழுதினர்.

யுத்தம் இதற்கெல்லாம் காரணம் எனச் சொல்லித் தப்புதல் வழக்கமாகிவிட்டது. யுத்தம் செய்த அழிவைச் சிறிதாக்குவார் யாருமில்லை. 1990 முதல் ஏ9 வீதி துண்டாடப்பட்டுக் கிடந்தது. 1997 மே மாதத்தில் ஜயசிக்குறு படைநடவடிக்கை தொடங்கியபின் கனகராயன்குளமே போர்முனையாயிற்று. 2002 இல் திறந்த பாதை 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2008 இன் இறுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த மக்கள் அரிசியையும் குழந்தைகளையும் சுமந்தனர். கொப்பிகளைச் சுமக்கத் தோள் மிஞ்சவில்லை. ஒரேயொரு பிரதியாக இருந்த எழுத்துகள் பதுங்கு குழிகளிலும் வீதியோரங்களிலும் அழிந்தன. ஆனால் இவற்றைக் கூறுவோர் அடுத்த அடியை எடுத்துவைப்பதில்லை. அன்று மறுமொழி வராமைக்குத் தபாலைக் குற்றஞ்சாட்டலாம். இன்று கனகராயன்குளத்துக் கைத்தொலைபேசியிலிருந்து முந்நூறு பக்க நாவலொன்று நொடிப்பொழுதில் சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விடுகிறது. போவது விரைந்தது, வருவது மட்டும் அன்றுபோலவே வராமலிருக்கிறது. ஆகவே தடையின் இருப்பிடம் ஓமந்தைச் சோதனைச்சாவடி மாத்திரம் அன்று என்பது தெளிவு.

மறுமொழி என்றதும் பாராட்டு எனப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. ஜோர்ஜ் ஓர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' பல பதிப்பாளராலும் நிராகரிக்கப்பட்டது. ஃபேபர் பதிப்பகத்தின் சார்பில் ரி. எஸ். எலியற் 1944 யூலையில் எழுதிய மறுப்புக் கடிதம் எழுத்தின் திறனை ஏற்று, நோக்குநிலையோடு உடன்பட இயலாமைக்குரிய நியாயங்களைக் கூறிற்று. அத்தீர்ப்பு பிழையென்பதைக் காலம் காட்டிவிட்டது. ஆயினும் அது கையொப்பமிட்ட தீர்ப்பு. ஓர்வெல் வேறு வாயிலைத் தட்டினார். 1945 ஆகஸ்டில் நூல் வெளிவந்தது. பிழையாகச் சொல்லப்பட்ட மறுப்பு எழுத்தாளனை விடுவிக்கிறது. சொல்லப்படாத மறுப்போ அவனைக் கட்டிவைக்கிறது.

தமிழுக்கு இம்மரபு ஒவ்வாது எனச் சொல்வோரும் உளர். 1974 இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 2020 இல் மறையும்வரை எழுத்தாளரோடு வரிவரியாக அமர்ந்து பிரதியைச் செம்மைப்படுத்துவதையே தம் தொழிலாகக் கொண்டிருந்தார். நகர இலக்கிய வட்டத்துக்குப் புறத்தேயிருந்து வந்த பள்ளி ஆசிரியர் இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994 இல் வெளிவந்தது அங்கிருந்துதான்.

ஈழத்தவருக்கோ இதில் இன்னும் பெரிய வெட்கம் உண்டு. செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, பாடம் தெரிந்து கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த நாடு இது. அவர்பெயரை மேடைதோறும் முழக்குவோர், அவர் இறந்த புலவருக்குச் செய்ததை உயிரோடிருக்கும் எழுத்தாளருக்குச் செய்ய முன்வரவில்லை. ஏட்டுக்குப் பதிப்பாசிரியன் வேண்டும் என்பதை ஏற்ற மரபு, கொப்பிக்கு அவன் வேண்டாம் என எங்ஙனம் கருதிற்று?

இவ்வினாவிற்குப் பல்கலைக்கழகத்தாரே முதலில் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். நூல் அச்சாகி வெளியீட்டு விழா வைக்கப்பட்டதும் மேடைக்கு விரிவுரையாளர் வருகிறார். மங்கல விளக்கேற்றி, முதற் பிரதியைப் பிரமுகர் பெற்றபின், ஆய்வுரை நிகழ்த்தப்படுகிறது. பாத்திர வார்ப்பில் தளர்ச்சி, பின்பாதியில் அவசரம், உரையாடலில் வட்டார வழக்கு சீராக இல்லை எனக் குறைகள் எடுத்துரைக்கப்படுகின்றன. அத்தனையும் சரியான குறைகளே. ஆனால் சொந்தக் காசிலோ மனைவியின் நகையை அடகுவைத்தோ முந்நூறு பிரதி அச்சிட்டு முடித்த மனிதருக்கு அக்குறைகளால் இனி என்ன பயன்? எட்டு மாதத்துக்கு முன்னர் அதே விரிவுரையாளரின் மேசையிற் கிடந்த அதே நாவல் திறக்கப்படாமலே இருந்திருந்தால், அன்றைய மௌனமும் இன்றைய ஆய்வுரையும் சேர்ந்து ஒரு பெயருக்கே உரியன. அப்பெயரை வாசகரே இட்டுக்கொள்ளலாம். ஈழத்து நாவலின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி மாணவர் ஆய்வுக்கட்டுரைகள் எழுதுகின்றனர். வளர்ச்சி நிகழவேண்டிய இடத்தில் மட்டும் ஒருவரும் நிற்பதில்லை.

செய்யத்தக்கது பெரிய திட்டமொன்றும் அன்று. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்துகின்றன. பரிசு பெற்ற மூவரின் பெயர் அறிவிக்கப்படுகிறது. ஏனையோருக்கு ஒரு சொல்லுமில்லை. போட்டிக்கு வந்த ஒவ்வொரு கதைக்கும் அரைப் பக்கம் எழுதி அனுப்புவதற்கு இறுதியாண்டு மாணவர் பத்துப்பேர் போதும். நாவலாயின் இரு வாசகர், நான்கு மாதத் தவணை, கையொப்பமிட்ட இரண்டு பக்கம். தவணை தவறின் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடலாம். திருப்பி அனுப்புதலும் ஒரு மறுமொழியே. புளியங்குளத்திலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் முதற் பிரதிகள் வந்துசேரும்போது அவற்றிற் பல திருத்தத்துக்கே தகுதியற்றனவாக இருக்கும். அதனையும் எழுதியே அனுப்ப வேண்டும், இன்ன காரணத்தால் என்று, பெயரோடும் திகதியோடும்.