விசாப் பைலில் வயல் எங்கே?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சாமத்திய வீட்டில் பத்து நிமிடம் இருந்தால் கனடா விசாக் கதை வந்துவிடும். அது முடிகிற இடமும் ஒன்றுதான்: "வன்னியில இருந்து தனியப் போட்டா றிஜெக்ட்தான். நல்ல ஏஜென்சியாப் பிடி." இதை நம்பி மாடு வித்தவர்களும் காணியை ஈடு வைத்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பேச்சுக்குள் நாலைந்து நம்பிக்கைகள் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடக்கின்றன.

முதலாவது, ஏஜென்சிக்கு உள்ளுக்குள் ஆள் இருக்கிறது என்பது. கனடாவுக்கான வருகை விசா விண்ணப்பம் இணையத்தில் போகிறது. கட்டணம் 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85. கொழும்பில் கைரேகை எடுப்பவர்களுக்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லை. முடிவெடுப்பவர் கனடா அரசின் விசா அதிகாரி. காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்பவர் கனடாவில் உரிமம் பெற்ற சட்டத்தரணியாகவோ ஆலோசகராகவோ இருக்க வேண்டும், அவருடைய பெயரை விண்ணப்பத்தில் காட்டவும் வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். எங்கள் கடைத்தெரு ஏஜென்சிகளில் பலர் பெயரைக் காட்டுவதில்லை. நீங்களே நிரப்பியது போல நிரப்புவார்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்களிடம் இருக்கும்.

பிறகு ஏன் 2023இல் அத்தனை பேருக்கு ஏஜென்சி மூலம் கிடைத்தது என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு கனடா, ஜனவரி நடுப்பகுதிவரை தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களை முடித்துவிடுவதற்காக, போதிய பணமும் திரும்பிவரும் எண்ணமும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தது. ஒட்டாவாவில் எடுத்த முடிவுக்குக் கிளிநொச்சியில் மாலை விழுந்தது. அந்த ஆண்டோடு தளர்வு முடிந்துபோனது. ஏஜென்சியின் பெயர் மட்டும் குறையவில்லை.

இரண்டாவது, பாங்கில் காசு காட்டினால் போதும் என்பது. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்த ஒரு தாயார், நாலு ஏக்கர் வயலும் கறவை மாடும் உள்ளவர், ஸ்காபரோவில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகவென்று விண்ணப்பித்தார். ஏஜென்சி அவரை 'வர்த்தகர்' என்று எழுதியது. கைமாற்றாக வாங்கிய பெருந்தொகை ஒன்றை விண்ணப்பிக்கும் கிழமையில் கணக்கில் போடவைத்தது. வயலைப் பற்றி ஒரு வரி இல்லை. "வயல் எண்டா மதிக்க மாட்டாங்கள் அம்மா" என்றானாம் ஏஜென்சித் தம்பி. மறுப்புக் கடிதம் வந்தது.

அதிகாரி தேடுவது ஒன்றைத்தான்: இந்த மனிசி திரும்பி வருமா? பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் வன்னித் தாய்க்கு அந்தக் கேள்வி பாரமானது. அதற்குப் பதில் வயலில்தான் கிடக்கிறது. காணி அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்துப் பதிவு, நெல் விற்ற துண்டுகள், விதானையாரின் உறுதிக்கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பம் எல்லாம் எங்கள் கையில் உள்ள கடதாசிகள். ஆங்கிலத்தில் இல்லாதவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் சரி. இன்னொன்று: காலபோக அறுவடை முடிய ஒரு கமக்காரனின் கணக்கில் காசு மொத்தமாகத்தான் விழும். விளக்கம் இல்லாவிட்டால் அதுவும் கடன் வாங்கிப் போட்ட காசு போலத் தெரியும். நெல் விற்ற துண்டோடு ஒரு பக்கக் கடிதம் வைத்தால் உழைப்பாகத் தெரியும். பயண நாட்களையும் போகத்தைப் பார்த்தே குறிக்கலாம். சிறுபோகத்துக்கு எல்லாருக்கும் குளத்துத் தண்ணீர் கிடைப்பதில்லை. கிடைக்காத ஆண்டில் சித்திரைக்குப் பின் போய், புரட்டாதியில் விதைப்புக்கு வந்து நிற்கிறேன் என்று எழுதுபவரின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனையும் சரியாக வைத்தும் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பொய்க்காக மறுக்கப்படவில்லை. அடுத்த முறை போட அவர்களுக்கு வழி இருக்கிறது. பொய்த் தகவல் என்று பிடிபட்டால் கனடாவுக்குள் நுழைய ஐந்து ஆண்டுத் தடை.

மூன்றாவது, நாலு நாட்டு முத்திரை விழுந்த பாஸ்போட் வேண்டும் என்பது. சிங்கப்பூருக்கு இலங்கையர் விசா இல்லாமலே போகலாம். மூன்று நாள் போய்வந்தது எதை நிரூபிக்கும்? ஊர் பார்க்க ஆசை என்றால் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது, இந்தியாவுக்கு இணையத்திலேயே விசா எடுக்கலாம். சிதம்பரம் பார்க்கப் போங்கள், முத்திரைக்காகப் போகாதீர்கள்.

நாலாவது, வன்னி என்றாலே சந்தேகம் என்பது. இதை நான் முழுதாக மறுக்க மாட்டேன். எங்கள் பாதிக் கடதாசிகள் 2009 போரில் பதுங்கு குழிகளிலும் வீதியோரங்களிலும் போயின. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது பிறப்புப் பத்திரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அதனால் தாயின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு எழுத்தாகவும் மகளின் கனடாப் பத்திரத்தில் வேறு எழுத்தாகவும் நிற்கும். இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். கடினமானது வேறொன்று. இராணுவத்திலோ ஆயுத அமைப்பிலோ இருந்தீர்களா, வன்முறையோடு சேர்ந்த அமைப்போடு தொடர்பு உண்டா என்று விண்ணப்பம் கேட்கிறது. விடுதலைப் புலிகளை 2006இல் கனடா தடைப்பட்டியலில் சேர்த்தது. புனர்வாழ்வு முடித்து வந்த ஒருவருக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். ஏஜென்சித் தம்பிக்குத் தெரியாது. கேட்காமலே 'இல்லை' என்று ரிக் போட்டுவிடுவான். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் கனடாவில் உரிமமுள்ள ஒரு சட்டத்தரணியோடு பேச வேண்டும். வன்னிக்காரருக்கு வெளியாள் உதவி உண்மையாகத் தேவைப்படும் இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

கடைசியாக, எப்படியாவது போனால் போதும், மிச்சத்தை அங்கே பார்க்கலாம் என்பது. 2022 நவம்பரில் கனடா என்று நம்பி 'லேடி ஆர்3' படகில் ஏறிய 303 இலங்கையர் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அங்கேயே தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். வேலை தருகிறோம் என்று சுற்றுலா விசாவில் அனுப்புபவரைப் பற்றி 1989 என்ற வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக இலக்கத்தில் கேட்கலாம். பெற்றோர் நீண்ட நாள் நிற்பதற்குக் கனடாவில் 2011இலிருந்தே 'சூப்பர் விசா' இருக்கிறது. பிள்ளையின் வருமானமும் மருத்துவக் காப்புறுதியும் சரியாக இருந்தால் ஒரு முறை போய் ஐந்து ஆண்டுவரை நிற்கலாம். இதை ஏஜென்சியில் யாரும் அந்தத் தாயாருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மகள் 5 டொலர் கட்டித் தாயின் கோப்பைக் கனடாவின் தகவல் உரிமைச் சட்டத்தில் எடுத்துப் பார்த்தாள். தொழில் தெளிவில்லை, காசு வந்த வழி தெரியவில்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். இந்த முறை தாயாரே விண்ணப்பித்தார், மகளின் மூத்த மகன் வட்ஸ்அப்பில் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசிக்க. தொழில் என்ற இடத்தில் 'கமம்' என்று இருக்கிறது. மறுமொழி இன்னும் வரவில்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல் அவரிடமே இருக்கிறது.