இலவசமல்ல, உரிமை!

நம் கடைக் கணினியில் ஓடும் விண்டோஸ் எந்த வழியில் வந்தது? கோலியனூர் கூட்டுரோட்டிலிருந்து விழுப்புரம் கடைவீதி வரை எத்தனை வியாபாரிகள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்? எடையில் குறை வைக்க அல்லாஹ்வுக்கு அஞ்சும் நாம், கள்ளப் பிரதியை மட்டும் 'ஊரே செய்கிறது' என்று ஏற்கலாமா?

மாற்று வழி உண்டு சகோதரர்களே! 1983ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். பயன்படுத்தலாம், ஆராயலாம், பகிரலாம், திருத்தி வெளியிடலாம். இந்த நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் அடிப்படை.

இதற்குள்ளும் விவாதம் உண்டு. 1998ல் சிலர் 'திறந்த மூலம்' என்று புதுப்பெயர் சூட்டினர். நிறுவனங்களுக்கு அது இனித்தது. தரமும் வசதியும் அல்ல, பயன்படுத்துபவரின் உரிமையே முதன்மை என்றார் ஸ்டால்மன். நியாயம் அவர் பக்கமே! காசு மிச்சமாவது சிறிய லாபம். பிறர் தயவில் நில்லாதிருப்பதே பெரிய லாபம்.

2011ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

'கணக்கு மென்பொருள் விண்டோஸில்தானே ஓடுகிறது?' என்பீர்கள். அப்படியானால் இரண்டையும் காசு கொடுத்து வாங்குங்கள். கடிதத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் லிப்ரே ஆபீஸ் போதுமே!

இளைஞர்களே! விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. சென்று கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தந்தையின் கடையிலிருந்தே தொடங்குங்கள்!